முதுகில் எழுதிய போர்

போர் முதலில் நடக்கிறது, பிறகு எழுதப்படுகிறது. நமக்குக் கிடைப்பது இரண்டாவது மட்டும்தான். எழுதப்பட்டதையே நடந்ததாக எடுத்துக்கொண்டு, அந்தக் குழப்பத்துக்கு 'வீரம்' என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான சாலையில் இன்று ஜப்பானியப் பெயர்கள் சகஜம். ஒரகடத்தில் கோமாட்சு, வல்லம் வடகாலில் யமஹா, 2010ல் ரெனோ-நிசான் என்ற பெயரில் திறந்த ஆலை. இவற்றோடு சேர்ந்து ஒரு பேச்சும் வந்து இறங்கியிருக்கிறது. ஜப்பானியனின் வேலை ஒழுங்கைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர் மூன்றாவது வாக்கியத்தில் சாமுராய்க்கு வந்துவிடுகிறார். எஜமான விசுவாசம், மானம் போனால் வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் வைராக்கியம், சாவுக்கு அஞ்சாமை இவையெல்லாம் வாளிலிருந்து நேராக ஸ்பேனருக்கு மாறிவிட்டனவாம். உடனே பக்கத்தில் இருப்பவர், நமக்கும் அது உண்டு, புறநானூறு இல்லையா என்பார். இரண்டு பரம்பரைகளும் கைகுலுக்கிக்கொள்ளும். இந்தக் கைகுலுக்கலைத்தான் நான் சந்தேகிக்கிறேன். இரண்டு பக்கத்திலும் ஒற்றுமை இருக்கிறது, ஆனால் அது இவர்கள் சொல்லும் இடத்தில் இல்லை.

1

ஜப்பானில் 1336லிருந்து 1392வரை வடக்கு, தெற்கு என்று இரண்டு அரசவைகள் சக்கரவர்த்திப் பட்டத்துக்குச் சண்டையிட்டன. அந்த உள்நாட்டுப் போர்க்காலத்திலிருந்து ஏராளமான காகிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. காவியங்கள் அல்ல, விண்ணப்பங்கள். படைக்கு வந்து சேர்ந்ததும் ஒருவன் 'இன்ன தேதியில் இன்ன இடத்துக்கு வந்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தான். இன்றைய பாஷையில் வருகைப் பதிவு. சண்டை முடிந்ததும் இன்னொரு காகிதம்: எங்கே போரிட்டேன், என் ஆட்களில் யார் யாருக்கு உடம்பில் எந்த இடத்தில் காயம், குதிரைக்கு என்ன ஆயிற்று, பார்த்த சாட்சி யார். காயத்தைப் பரிசோதித்து 'ஆழம்', 'மேலோட்டம்' என்று குறிப்பதற்கு ஆள் இருந்தான். தளபதி ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வைப்பான். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்த்தான் நிலம் கேட்க வேண்டும்.

தாமஸ் கான்லன் என்ற சரித்திராசிரியர் இந்தக் காகிதங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து 2003ல் ஒரு புத்தகம் எழுதினார். காயங்களில் மிகப் பெரும்பான்மை அம்பினால் ஏற்பட்டவை என்பது அவருடைய கணக்கு. சாமுராயின் ஆத்மா என்று பின்னால் போற்றப்பட்ட வாள் வெகு தூரம் பின்தங்கி நிற்கிறது. பேர் சொல்லி அறைகூவி, ஒருவனுக்கு ஒருவன் நேருக்கு நேர் நின்று வெட்டிக்கொண்டது காவியத்தில் அதிகம். விண்ணப்பங்களில் தூரத்திலிருந்து வந்த அம்பு.

இதற்கு முந்திய ஒரு மனிதன் சுவாரஸ்யமானவன். தகெசாக்கி சுவெநாகா என்ற சிறு நிலக்காரன். 1274ல் மங்கோலியர் கடல் தாண்டி வந்தபோது ஐந்தாறு ஆட்களோடு எல்லோருக்கும் முன்னால் பாய்ந்து காயம் பட்டவன். அவன் முன்னால் பாய்ந்தது மேலே யாருக்கும் பதிவாகவில்லை. குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவு தேற்றிக்கொண்டு, மேற்குக் கோடியிலிருந்து தலைநகர் காமகுராவுக்கு 1275ல் போனான். அதாச்சி யசுமோரி என்ற அதிகாரியிடம் வாதாடி, நிலம் பெற்றான். இந்தக் கதையை அவனே சித்திரச் சுருளாக வரையவைத்தான். அந்தச் சுருளில் மங்கோலியரோடு சண்டை எவ்வளவு இருக்கிறதோ அதற்கு நிகராக அலுவலகத்தில் வாதாடுவதும் இருக்கிறது. வங்கிக் குமாஸ்தாவான எனக்கு, உலக யுத்த சித்திரங்களிலேயே நம்பத் தகுந்ததாகத் தோன்றுவது இதுதான்.

சுவெநாகாவுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கவில்லை. மங்கோலியரைத் துரத்தியதில் கைப்பற்றிய நிலம் ஏதும் இல்லை; கொடுப்பதற்கு ஆட்சியிடம் ஒன்றும் இல்லை. அந்தக் கசப்பு, 1333ல் காமகுரா ஆட்சி விழுந்ததற்கு ஒரு காரணம். விசுவாசம் என்பது வரவு வைக்கப்படும்வரை நின்றது.

1467ல் கியோட்டோவில் ஓனின் போர் மூண்டது. பத்து வருஷம் நகரத்தை எரித்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாடு சிற்றரசர்களின் வேட்டைக்காடு. இந்தக் காலத்தைத்தான் நாம் குரோசாவாவின் படங்களில் பார்க்கிறோம். 1543ல் போர்த்துக்கீசியத் துப்பாக்கி வந்தது. 1575ல் நாகஷினோவில் தகெதா குலத்தின் குதிரைப்படையை, கவசம் கூடச் சரியாக இல்லாத காலாட்கள் வேலிக்குப் பின்னாலிருந்து சுட்டு வீழ்த்தினார்கள். எல்லாவற்றையும் தீர்மானித்த 1600ஆம் வருஷத்து ஸெகிகஹரா போரிலோ, கொபயாகாவா ஹிதெயாகி என்ற பிரபு மலைமேல் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, பாதிச் சண்டையில் கட்சி மாறினான். இருநூற்றைம்பது வருஷ அமைதி இந்தத் துரோகத்தின்மேல் எழும்பியது. அந்த அமைதியில் சாமுராய் அரிசிச் சம்பளத்துக்குப் பதிவேடு எழுதும் கோட்டைக் குமாஸ்தா ஆனான். 1876ல் அரசாங்கம் அவனுடைய வாளைத் தடை செய்து, அதே வருஷம் அவனுடைய அரிசிச் சம்பளத்தையும் கடன் பத்திரமாக மாற்றிக் கணக்கை முடித்தது. அந்தப் பத்திரங்கள் புதிதாக முளைத்த வங்கிகளுக்கு மூலதனமாகப் போயின.

2

இனி நம் பக்கம். ஒரகடத்துக்கு வடகிழக்கே, படப்பையை அடுத்து, மணிமங்கலம் இருக்கிறது. பெரிய ஏரி, ராஜகோபாலப் பெருமாள் கோயில். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்குப் பெயர் பரிச்சயம். ஏழாம் நூற்றாண்டில், முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்த களங்களாகப் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. அவற்றில் இன்றைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய இடம் இதுதான்.

இந்தச் செய்தியைச் சொல்வது, நரசிம்மனின் பேரன் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு. கூரம் காஞ்சிக்கு வடக்கே, கூரத்தாழ்வானின் ஊர். அது சொல்லும் விதம் விசேஷமானது. ஓடுகிற புலிகேசியின் முதுகு பட்டயமாயிற்று. நரசிம்மன் அதன்மேல் 'விஜயம்' என்ற எழுத்துக்களைப் பொறித்தான் என்பது அதன் கற்பனை. இது வெறும் அலங்காரம் அல்ல. செப்புப் பட்டயத்தில் எழுதுகிறவன், எழுதப்படும் பட்டயத்தையே உவமையாக்குகிறான். தோற்றவனின் உடம்பு, வென்றவனின் எழுதுபொருள். சரித்திரம் எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி இதைவிட நேர்மையான வாக்குமூலம் நம்மிடம் இல்லை.

ஆனால் முதுகுக்கும் வாய் உண்டு. புலிகேசியின் ஆஸ்தானத்து ரவிகீர்த்தி 634ல் ஐஹொளெயில் வெட்டிய கல்வெட்டு, பல்லவன்தான் படை கிளப்பிய புழுதிக்குள் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்கிறது. அந்தப் பல்லவன் நரசிம்மனின் தகப்பன் மகேந்திரன். மகேந்திரனுக்காகப் பேசும் காசாக்குடிச் செப்பேடு, அவன் புள்ளலூரில் முக்கியமான எதிரிகளை நாசம் செய்தான் என்கிறது. எதிரி யார் என்று பெயர் சொல்லவில்லை. பிறகு பரமேசுவரன் காலத்தில் புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தன், தான் காஞ்சியைப் பிடித்ததாக 674ஆம் வருஷத்துக் கத்வால் பட்டயத்தில் எழுதிக்கொள்கிறான். கூரம் பட்டயமோ அவன் கந்தையைச் சுற்றிக்கொண்டு தன்னந்தனியாக ஓடினான் என்கிறது. இரண்டு பேரேடுகளிலும் வரவு மட்டும் இருக்கிறது. செலவுப் பத்தியை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. வங்கியில் இப்படிக் கணக்கு எழுதினால் அன்று சாயங்காலமே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மணிமங்கலத்துக் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் என்று அடுத்தடுத்த மெய்க்கீர்த்திகள். இந்த ஊருக்கே சோழர் காலத்தில் பல பெயர்கள் வைக்கப்பட்டன. அதில் ஒன்று பாண்டியனை இருமடி வென்கண்ட சோழச் சதுர்வேதிமங்கலம். வென் என்றால் முதுகு. பாண்டியனின் முதுகை இரண்டு தரம் பார்த்த சோழனின் பெயரில் ஒரு பிராமண அக்கிரகாரம்! புலிகேசியின் முதுகு வெளிப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஊருக்கு நானூறு வருஷம் கழித்து வேறொரு முதுகின் பெயர். தற்செயல்தான். ஆனால் எந்த மாதிரி மனோபாவத்தில் இந்தத் தற்செயல் சாத்தியமாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வீரராஜேந்திரனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒரு நாடகம். சாளுக்கிய சோமேசுவரன், கூடலில் போருக்கு வருகிறேன் என்று நாள் குறித்து ஓலை அனுப்புகிறான். சோழன் படித்து மகிழ்ந்து, கரந்தையில் போய் இறங்கி ஒரு மாதம் காத்திருக்கிறான். சாளுக்கியன் வரவில்லை. சோழன் நாட்டை அழித்து, துங்கபத்திரைக் கரையில் வெற்றித் தூண் நடுகிறான். அதோடு தீரவில்லை. வராத எதிரிக்கு ஒரு பொம்மை செய்து அதை அவமானப்படுத்துகிறான். முதுகு காட்டக்கூட ஆள் வராதபோது, முதுகைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த வருஷம், 1068 மார்ச்சில், சோமேசுவரன் குருவத்தியில் துங்கபத்திரையில் இறங்கித் தன்னை முடித்துக்கொண்டான். தீராத ஜுரம் என்று பில்ஹணன் தன் காவியத்தில் எழுதுகிறான். நோய் அவனை எப்போது பிடித்தது, போருக்கு வராததற்கு அது காரணமா என்றெல்லாம் கல் கேட்காது. மணிமங்கலத்தில் அவன் பயந்து ஒளிந்தவன்; பில்ஹணனிடம் சிவபக்தனாக நதியில் இறங்கியவன். ஒரே நதி, ஒரே மனிதன். நாம் எந்தச் சுவரின் முன்னால் நிற்கிறோமோ அதைப் பொறுத்தது வீரம்.

3

பேரரசுகளின் சண்டையை ஜப்பானின் உள்நாட்டுப் போரோடு ஒப்பிடுவது சரியல்ல என்று யாராவது சொல்லலாம். நியாயம். அதற்கு இணை, சோழ ஆட்சி தளர்ந்த பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகள். சம்புவராயர், காடவராயர், மலையமான்கள், வாணகோவரையர் என்று தொண்டை மண்டலமும் நடுநாடும் சிற்றரசர் கைகளில் இருந்தன. மேலே சோழன் பெயர், கீழே அவரவர் வாள்.

1160களில் பாண்டிய நாட்டில் பராக்கிரமன், குலசேகரன் என்ற இருவருக்கிடையே பங்காளிச் சண்டை. பராக்கிரமன் இலங்கையின் பராக்கிரமபாகுவைக் கூப்பிட்டான். இலங்கைப் படை வந்து சேர்வதற்குள் குலசேகரன் மதுரையைப் பிடித்துப் பராக்கிரமனைக் கொன்றுவிட்டான். தளபதி இலங்காபுரன், செத்தவனின் மகன் வீரபாண்டியனுக்காகப் போரைத் தொடர்ந்தான். சோழன் குலசேகரன் பக்கம் நின்றான். சோழர் கை ஓங்கியபோது இலங்கைத் தளபதிகளின் தலைகள் மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடிக்கப்பட்டதாகப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. ஜப்பானில் வெட்டிய தலைகளைக் கழுவி, சீவி, பெயர்ச்சீட்டுக் கட்டித் தளபதி முன் வரிசையாக வைக்கும் சடங்கு இருந்தது. அங்கே தலை ரசீது, இங்கே விளம்பரம். பிறகு என்ன ஆயிற்று? குலசேகரன் இலங்கையோடு சேர்ந்துகொண்டான். சோழன் வீரபாண்டியனைக் கைக்கொண்டான். கட்சிகள் அப்படியே இடம் மாறின. சூளவம்சத்தைப் படித்தால் இலங்காபுரன் வென்றுகொண்டே போகிறான். தலை போன சேதி அதில் இல்லை.

இந்தப் போரின் நிழல் நம் பக்கத்திலேயே விழுந்திருக்கிறது. காஞ்சிக்குத் தெற்கே ஆர்ப்பாக்கம். அங்குள்ள இரண்டாம் ராஜாதிராஜனின் ஐந்தாம் ஆண்டுக் கல்வெட்டை வெட்டியவன் எதிரிலிசோழச் சம்புவராயன். அவன் மகன் பல்லவராயன் படையோடு போயிருக்கிறான். இலங்கைப் படை வந்தால் கோயில், பிராமணர், நாடு எல்லாம் அழியுமே என்று தகப்பனுக்குக் கவலை. கௌட தேசத்து உமாபதிதேவர் என்ற ஞானசிவரிடம் போகிறான். அவர் இருபத்தெட்டு நாள் பூஜை செய்கிறார். இலங்கைத் தளபதிகள் தோற்று ஓடினார்கள் என்று மகனிடமிருந்து ஓலை வருகிறது. சம்புவராயன் ஆர்ப்பாக்கத்தையே ஞானசிவருக்குக் கொடுத்துவிடுகிறான்.

சோழக் கல்வெட்டுகளில் என் மனதைத் தொட்டது இது ஒன்றுதான். இதில் மார்தட்டல் இல்லை. பயம் இருக்கிறது, காத்திருப்பு இருக்கிறது, போன மகனிடமிருந்து வரும் ஓலை இருக்கிறது. தன்னை அறியாமல் ஒரு படைத்தலைவன் மனுஷனாகிவிடுகிறான். ஆனால் வெற்றிக்கான நிலம் யாருக்குப் போயிற்று என்றும் பார்க்க வேண்டும்: பூஜை செய்தவருக்கு. களத்தில் நின்றவர்களைப் பற்றிக் கல்லில் பேச்சே இல்லை.

மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்துக் கல்வெட்டுகளில் சிற்றரசர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் கிடைக்கின்றன. உனக்கு வேண்டியவன் எனக்கும் வேண்டியவன், உன் பகை என் பகை, உன்னைக் கேட்காமல் வேறொருவனோடு சேரமாட்டேன் என்ற ரீதியில். ஜப்பானியர் தெய்வங்களைச் சாட்சி வைத்துக் குமனோ கோயில் தாளில் சத்தியம் எழுதி, சில சமயம் அதை எரித்துச் சாம்பலை நீரில் கலந்து குடித்தார்கள். நம்மவர்கள் கோயில் சுவரில் வெட்டினார்கள். விசுவாசம் ரத்தத்திலேயே இருந்தால் எழுதி வாங்குவானேன்? ஒப்பந்தம் பெருகப் பெருக நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம். 1231ல் காடவ கோப்பெருஞ்சிங்கன் தன் மேலரசன் மூன்றாம் ராஜராஜனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்துவைத்தான். ஹொய்சளர் வந்து மீட்க வேண்டியிருந்தது.

4

அப்படியானால் களத்தில் நின்றவனின் எழுத்து நம்மிடம் இல்லவே இல்லையா? இருக்கிறது. மணிமங்கலத்துச் சுவரில் அல்ல, செங்கம் பக்கத்துக் காடுகளில். பல்லவர் காலத்து நடுகற்கள். பட்டுக்கோ காவியத்துக்கோ இடமில்லாத வட்டெழுத்தில், இன்ன ஆண்டு, இன்ன ஊர், மாடு கவர்ந்தபோது அல்லது மீட்டபோது இன்னார் மகன் பட்டான் என்று இரண்டு மூன்று வரி. அவன் ரத்தத்துக்கு ஈடாகக் குடும்பத்துக்குக் கொடுத்த நிலத்துக்கு 'நெய்த்தோர்பட்டி' என்று பெயர். நெய்த்தோர் என்றால் ரத்தம். சுவெநாகா காமகுராவில் கேட்டதும் இதைத்தான்.

எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் முப்பத்து நாலாம் ஆண்டுக் கல் ஒன்று. செத்த வீரனோடு, அவன் நாயும் கல்லில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் ஒரு வரி. அடுத்த அரசனின் காலத்தில் மணிமங்கலத்தில் விழுந்த ஒருவனுடைய பெயரும் நமக்குத் தெரியாது. ஒரு மாட்டுச் சண்டையில் ஒரு நாயின் பெயர் நிற்கிறது. ஒரு சாம்ராஜ்யச் சண்டையில் ஒரு மனிதனின் பெயரும் நிற்கவில்லை. போர் பெரிதாகப் பெரிதாகப் பெயர் சுருங்குகிறது. கடைசியில் இரண்டு பெயர் மிஞ்சுகிறது: எழுதியவன், முதுகு.

5

இப்போது கைகுலுக்கலுக்குத் திரும்பலாம். சாவை ஏற்பதே சாமுராயின் நெறி என்று போதிக்கும் 'ஹகாகுரே'யைச் சொன்ன யமமோட்டோ ட்சுனெடோமோ, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு போரையும் காணாமல், எழுத்து வேலை பார்த்து ஓய்ந்து துறவியானவர். 'புஷிடோ' என்ற சொல்லை உலகெங்கும் பரப்பிய நிட்டோபே இனாஸோவின் புத்தகம் 1900ல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அப்போது வாள் தடைப்பட்டு இருபத்து நாலு வருஷம். புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் அச்சேற்றியது 1894ல். ஏறக்குறைய ஒரே சமயம். இருவருக்கும் முன்னால் ஐரோப்பியன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் காட்ட ஒரு மூதாதை வேண்டியிருந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. நிட்டோபேயினுடையது பின்னால் செய்த நெறி. புறநானூறு பழைய கவிதை. கவிதையில் எல்லாம் இருக்கிறது. மகனுக்கு முதுகில் புண் என்று கேட்டுப் பிணங்களைப் புரட்டும் கிழவி இருக்கிறாள். மார்பில் பாய்ந்த வேல் முதுகில் வெளிவந்ததற்காக வெட்கி வடக்கிருந்து செத்த சேரலாதன் இருக்கிறான். முதுகு என்ற வெறி எப்படி மனிதர்களைத் தின்றது என்பதைக் காட்டும் கவிதைகளும் இவைதான். மேடைக்கு வந்தபோது வெறி மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது, தின்றது விடப்பட்டது. கிழவியின் நடுக்கம் போய், வீரத்தாய் என்ற பட்டம் மிஞ்சியது. ஒரு தலைமுறை அதைப் பாடமாக மனப்பாடம் செய்தது. கவிதைக்கு நடந்த இந்தச் சேதத்தை நம் விமர்சனம் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

இது பழங்கதை இல்லை. மூன்று ஷிஃப்ட்டில் ஓடும் ஒரு தொழிற்பேட்டையில், விசுவாசம் என்பது பரம்பரைக் குணம், சாமுராயிடமிருந்து வந்தது, உன் பாட்டனிடமும் இருந்தது என்று ஒருவனிடம் சொல்வதற்கு ஒரு உபயோகம் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பதற்குக் கூலி கேட்க முடியாது. ஆனால் உண்மையான சாமுராய் கேட்டான். வந்த தேதியை எழுதிக் கொடுத்தான், காயத்தைக் காட்டினான், சாட்சியைக் கூட்டிவந்தான், கையெழுத்து வாங்கினான், குதிரையை விற்றாவது தலைநகருக்குப் போனான். நம் நடுகல்காரனின் ஊரும் ரத்தத்துக்கு நிலம் எழுதியது. இரண்டு மரபுக்கும் உண்மையான பொதுச்சொத்து இதுதான்: பெயர், காயம், சாட்சி, ஈடு. மற்றது பிற்பாடு, களத்துக்குப் போகாதவர்கள் சேர்த்தது.

புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10ம் தேதி ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். வெடிமருந்து வண்டிகள் பற்றிக்கொண்டு வெடித்தன. திப்பு அதை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் சுவரில் பெரிய ஓவியமாக வரையவைத்தான். மறுவருஷம் அதே இடத்தில் மறுபடியும் சண்டை. ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்றும் வயலில் நிற்கின்றன. மகேந்திரன் பெயர் சொல்லாமல் அழித்த எதிரிகளும் அந்த மண்ணில்தான். அந்தப் படைகளில் இருந்த தமிழ் சிப்பாய்களுக்கு அங்கே ஒரு கல் இல்லை.

கூரம் செப்பேட்டில் ஒரு ஷரத்து உண்டு. தானம் செய்த நிலத்தில் ஒரு பங்கு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவனுக்கு. போரிட்டவனுக்குப் பங்கு இருந்ததோ இல்லையோ, போரைச் சொல்கிறவனுக்கு ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே பங்கு ஒதுக்கியாகிவிட்டது. அந்தப் பங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களில் சரித்திரம் எழுதுகிறவர்களும் விமர்சகர்களும் உண்டு. குறைந்தபட்சம் செலவுப் பத்தியையாவது நாம் எழுத வேண்டும்.